கடதாசிச் சட்டை அணிந்த ஈயம்

துப்பாக்கி என்ற சொல்லை நான் எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பத்திரிகைத் தொழிலில் துப்பாக்கிச் சூடு, துப்பாக்கிதாரிகள், துப்பாக்கி வேட்டுகள் என்பன நாளாந்தம் கையாண்ட சொற்கள். சுடப்பட்டவர் யார், எந்த ஊர், என்ன வயது, எத்தனை பிள்ளைகளின் தந்தை என்பவற்றை விசாரித்து எழுதுவோம். சுட்டவர் பெரும்பாலும் "இனந்தெரியாதோர்". அதற்குமேல் அந்த ஆயுதம் எவ்வாறு தொழிற்படுகிறது, அதன் ரவை எப்படிச் செய்யப்படுகிறது என்று நாம் எழுதியதுமில்லை, வாசகர்கள் கேட்டதுமில்லை. எல்லோரும் அஞ்சிய ஒரு பொருளைப் பற்றி எவருக்கும் விபரம் தேவைப்படவில்லை.

இந்தக் கட்டுரை துப்பாக்கி ரவை செய்யும் ஒரு பழைய கைவினை பற்றியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு தடவைக்கு ஒரேயொரு ரவையை மட்டும் இட்டுச் சுடக்கூடிய நெடுங்குழல் றைபிள்கள் இருந்தன. அவற்றுக்கான ஈயச் சன்னத்தின் மீது மெல்லிய கடதாசியை இரண்டு சுற்றுச் சுற்றி, அந்தச் சட்டையோடு சேர்த்தே சுட்டார்கள். அந்த முறை தொழிற்சாலைகளில் இருந்து மறைந்து நூறாண்டுக்கு மேலாகிவிட்டது. ஆயினும் ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் பிரித்தானியாவிலும் அதனை ஒரு பொழுதுபோக்காக, ஏறக்குறைய ஒரு தவமாக, பேணிவருவோர் இன்றும் உள்ளனர்.

போரைக் கண்ட மண்ணிலிருந்து வந்த ஒருவன் இதனை ஏன் எழுதவேண்டும் என்று கேட்பீர்கள். என் தொழில் கடதாசியாலும் ஈயத்தாலும் ஆனது என்பதே என் பதில். அவ்விரண்டும் வேறு ஒரு வேலைக்காகவும் இணைந்திருந்தன என்று அறிந்தபோது அதைப் பார்க்காமல் விட மனம் வரவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், மைத்துனர் ஒருவரின் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். அயல்வீட்டில் எண்பது வயதை அண்மித்த வெள்ளையர் ஒருவர் தனியாக வாழ்ந்தார். நான் பத்திரிகைக்காரன் என்று மைத்துனர் அறிமுகப்படுத்தியதும் அவருடைய முகம் மலர்ந்தது. இளமையில் அவர் ஒரு நகரப் பத்திரிகையில் லைனோடைப் இயந்திரத்தில் வேலை செய்தவர். அடுத்த நாள் மாலை தமது வீட்டின் நிலக்கீழ் அறைக்கு எங்களை அழைத்துச் சென்றார். அங்கே பூட்டிய இரும்பு அலுமாரியில் இரண்டு பழைய பாணி றைபிள்கள் இருந்தன. மேசையில் வார்ப்பச்சு, ஈயக் கட்டிகள், சிறிய தராசு, ஒரு தட்டு நீர், அடுக்கி வைத்த வெண்ணிறக் கடதாசித் துண்டுகள். துப்பாக்கிகளைக் கண்டதும் மைத்துனரின் மனைவி ஒரு வார்த்தையும் பேசாது மேலே சென்றுவிட்டார். அவருடைய தம்பி எப்படி இறந்தார் என்பது எங்கள் குடும்பத்துக்குத் தெரியும். நான் தங்கினேன்.

கடதாசித் துண்டுகள் செவ்வக வடிவில் இல்லை. இரு முனைகளும் சரிவாக வெட்டப்பட்ட இணைகரங்கள். அவர் ஒன்றை எடுத்து நீரில் நனைத்து, வழுவழுப்பான ஈயச் சன்னத்தின் மீது வைத்து, மேசையோடு அழுத்தி உருட்டினார். கடதாசி சரியாக இரண்டு சுற்றுச் சுற்றி, அதன் தொடக்கமும் முடிவும் ஒரே கோட்டில் சந்தித்தன. ஒன்றின் மேல் மற்றொன்று ஏறினால் அவ்விடம் தடித்துவிடும். இடைவெளி விட்டால் ஈயம் வெளியே தெரியும். இரண்டும் ஆகாது. அடிப்பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஓரத்தை மடித்து அடிப்பாகத்தோடு படிய வைத்தார். பின் அதனைக் காயவைத்தார். ஈரம் உலர உலரக் கடதாசி சுருங்கிச் சன்னத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். பசை கிடையாது, நூல் கிடையாது.

கணக்கைக் கேட்டபோதுதான் இந்த வேலையின் நுட்பம் புரிந்தது. 0.45 அங்குல றைபிளின் குழலுக்குள் முறுக்காக வெட்டப்பட்ட தவாளிப்புகள் உள்ளன. தவாளிப்புகளுக்கு இடையேயுள்ள மேடுகளில் அளந்தால் உள்விட்டம் 0.450 அங்குலம். பள்ளங்களில் அளந்தால் ஏறத்தாழ 0.458 அங்குலம். சன்னத்தை 0.442 அங்குல விட்டத்துக்கு வார்க்கிறார்கள். கடதாசியின் தடிப்பு 0.002 அங்குலம், அதாவது நாம் அலுவலகத்தில் பயன்படுத்தும் பிரதித் தாளின் தடிப்பில் பாதி. இரண்டு சுற்று என்றால் விட்டத்தில் நான்கு படைகள். 0.008 அங்குலம் கூடி 0.450 ஆகிறது. கடதாசி மயிரிழை தடித்தாலும் சன்னம் குழலுக்குள் போகாது. மெலிந்தால் ஆடும். ஆகவே கடதாசியைத் தேர்வதே பாதி வேலை. மரக்கூழில் செய்த மலிவுத் தாள் நனைந்ததும் கிழிந்துவிடும். பருத்தி நாரில் செய்த மெல்லிய தாள் வேண்டும். பழைய தட்டச்சுக்காரர் பிரதி எடுக்கப் பயன்படுத்திய, வெங்காயத் தோல் என்று பெயர்பெற்ற தாள் அதற்கு உகந்தது. அத்தாளைத் தேடிப் பழைய எழுதுபொருட் கடைகளில் அலைந்த கதைகளை அவர் சொன்னபோது, 1990களில் யாழ்ப்பாணத்தில் நாம் கடதாசி தேடிய கதை எனக்கு நினைவு வந்தது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

கடதாசி எதற்காக? அக்காலத்து வெடிமருந்து கருமருந்து. வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றின் கலவை. அது எரிந்தபின் அதன் நிறையில் பாதிக்கு மேல் திண்மக் கழிவாக எஞ்சும். அதில் ஒரு பகுதி புகையாகப் போக, மீதி குழலுக்குள் கரியாகப் படியும். அந்தக் கரடுமுரடான பாதையில் மென்மையான ஈயம் வேகமாக உராய்ந்தால் ஈயம் சுரண்டப்பட்டுக் குழலில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த சன்னம் நேராகப் போகாது. கடதாசி இடையில் இருந்தால் ஈயம் இரும்பைத் தொடுவதே இல்லை.

மருந்து வெடிக்கும் கணத்தில் பின்னாலிருந்து வரும் அழுத்தம் மென்மையான ஈயத்தைக் குறுக்கி அகலச் செய்கிறது. மேடுகளில் வழுக்கிச் செல்லும் அளவிலிருந்த சன்னம் விரிந்து பள்ளங்களை நிரப்புகிறது. முறுக்குத் தவாளிப்பு அதனைச் சுழற்றுகிறது. மேடுகளின் விளிம்புகள் கடதாசியை நீளவாக்கில் கீறுகின்றன. சன்னம் குழல் வாயைத் தாண்டியதும், கீறப்பட்ட கடதாசி சுழற்சியால் சிதறிக் கீழே விழுகிறது. சட்டை கழன்ற ஈயம் மட்டும் ஆயிரம் யார் தொலைவுக்குப் போகிறது. கடதாசியில் ஒரு சிறு துண்டு ஒட்டிக்கொண்டு போனாலும் சன்னம் வழிதவறும். குழலின் கடைசி அங்குலம் வரை இறுகப் பிடித்திருக்கவும் வேண்டும், அதைத் தாண்டியதும் முற்றாக விட்டுவிடவும் வேண்டும். அத்தாளிடம் எதிர்பார்ப்பது அவ்வளவுதான். ஆனால் அது எளிதில் கைகூடுவதில்லை.

சுட்டு முடிந்ததும் இவர்கள் இலக்கைப் பார்ப்பதற்கு முன்னர் தரையைப் பார்ப்பார்களாம். குழல் வாயின் முன்னே சிதறிக் கிடக்கும் கடதாசித் துணுக்குகளைப் பொறுக்கி ஆராய்வார்கள். ஒரே அகலமான கீற்றுகளாகக் கிழிந்திருந்தால் எல்லாம் சரி. கருகியிருந்தால், அல்லது ஓரிடத்தில் மட்டும் அறுந்திருந்தால், குழலுக்குள் என்ன கோளாறு என்பதை அதிலிருந்து ஊகிப்பார்கள். அச்சுப்படியைக் கையில் எடுத்துப் பிழை தேடும் மெய்ப்புநோக்குநரை நான் அதில் கண்டேன். இரண்டு சூடுகளுக்கு இடையே ஈரத்துணியால் குழலைத் துடைப்பவர் சிலர். ஒரு சிறு குழாயை வைத்துத் தம் வாயால் மூச்சை ஊதுபவர் சிலர். மூச்சின் ஈரத்தில் கரி இளகும். கடதாசியைச் சுற்றும் திசை, தவாளிப்பு முறுக்கும் திசையோடு ஒத்திருக்க வேண்டுமா, எதிராக இருக்க வேண்டுமா என்ற வாதம் அவர்களுக்குள் இன்னும் தீரவில்லை. நம்மவர் சந்திப்பிழை பற்றி வாதிடுவது போல் வாதிடுகிறார்கள்.

நான் கேட்ட கேள்வி ஒன்று அவரைச் சிரிக்க வைத்தது. லைனோடைப் ஈயத்தில் நீங்கள் சன்னம் வார்ப்பதில்லையா என்றேன். அச்சகங்கள் கணினிக்கு மாறியபோது, தூக்கி வீசப்பட்ட அச்சு ஈயத்தைத் துப்பாக்கி ஆர்வலர்கள் தேடித்தேடி வாங்கினார்கள் என்றும், அது வேறு வகைச் சன்னங்களுக்குப் பேர்போன உலோகம் என்றும் அவர் சொன்னார். ஆனால் கருமருந்துக்கும் கடதாசிக்கும் அது ஒத்துவராது. லைனோடைப் உலோகத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்களவில் அந்திமனியும், நான்கு பங்களவில் வெள்ளீயமும், மீதி ஈயமும் இருக்கும். அந்திமனி சேர்ந்ததால் எழுத்தின் விளிம்பு கூராக நிற்கும், அழுத்தத்தில் நசியாது. பத்திரிகைக்கு வேண்டியது அதுவே. கடதாசிச் சன்னத்துக்கோ நசிந்து விரிகின்ற ஈயம் வேண்டும். பதினாறு அல்லது இருபது பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம், அவ்வளவே. எழுத்துக்கு வார்த்த ஈயம் இந்த வேலைக்குக் கடினமானது.

எண்பதுகளின் இறுதியில் யாழ்ப்பாணத்தில் நான் தொழில் பழகத் தொடங்கியபோது சிறிய அச்சகங்களில் ஈய எழுத்துகளைக் கையால் கோர்க்கும் முறை இன்னும் இருந்தது. தமிழுக்கு ஆங்கிலத்தைப் போல இருபத்தாறு எழுத்துகள் போதாது. உயிர்மெய்யும் கொம்பும் சுழியுமாக அறை அறையாகப் பிரித்த பெரிய பெட்டிகளின் முன் அச்சுக்கோப்பாளர்கள் நின்றுகொண்டே வேலை செய்வார்கள். எழுத்துகளை இடவல மாற்றமாக வாசிக்கும் அவர்களுடைய திறமை எனக்கு இன்றும் வியப்பு. விரல் நுனிகள் எந்நேரமும் சாம்பல் நிறமாக இருக்கும். மாலையில் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பின்னரே தேநீர்க் கோப்பையைத் தொடவேண்டும் என்று மூத்தவர்கள் எம்மைக் கண்டிப்பார்கள். ஈயம் மெல்ல உடலில் சேரும் நஞ்சு என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். கனடாவின் அந்த நிலக்கீழ் அறையிலும் காற்றை வெளியே இழுக்கும் விசிறி சுழன்றது. கைகழுவும் இடத்தில் ஓர் எச்சரிக்கைத் தாள் ஒட்டியிருந்தது.

பின்னர் பொருளாதாரத் தடைக் காலம் வந்தது. பத்திரிகைத் தாள் வடக்குக்கு வரவில்லை. 1990களின் முற்பகுதியில் பாடசாலைக் கொப்பித் தாளில், அதன் நீலக் கோடுகளின் மேலேயே செய்திகள் அச்சாகின. பக்கம் சுருங்கியது, எழுத்து நெருங்கியது. ஒரு தாள் பல வீடுகளுக்குக் கைமாறியது. அக்காலத்தில் கடதாசியின் ஒவ்வோர் அங்குலமும் எமக்குக் கணக்கில் இருந்தது. ஆகவேதான், அரை அங்குலம் வீணாகாதபடி தாளைச் சரித்து வெட்டும் அந்த முதியவரின் கைகளை என்னால் அக்கறையின்றிப் பார்க்க முடியவில்லை.

இனி, இந்தக் கைவினையின் வரலாற்றுக்கு வருவோம். அதன் ஆர்வலர்கள் பெருமையோடு சொல்லும் நாள் 1874 செப்ரெம்பர் 26. நியூயோர்க்கின் லோங் ஐலண்டில் இருந்த கிறீட்மோர் திடலில் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் 800, 900, 1000 யார் தொலைவுகளில் போட்டியிட்டன. அயர்லாந்தினர் முந்திய ஆண்டு பிரித்தானியாவின் எல்கோ கேடயத்தை வென்றவர்கள். அவர்களுடைய றிக்பி றைபிள்கள் குழல் வாய்வழி மருந்திடுபவை. அமெரிக்கர் ஷார்ப்ஸ், ரெமிங்டன் ஆகிய பின்வழித் துப்பாக்கிகளோடு வந்தனர். இரு தரப்பும் கடதாசி சுற்றிய சன்னங்களையே பயன்படுத்தின. அயர்லாந்து வீரர் ஒருவர் மையத்தில் சுட்டார், ஆனால் பக்கத்து இலக்கின் மையத்தில். அது பூச்சியமாகியது. கடைசிச் சூட்டின் முன் அமெரிக்கர் ஒரு புள்ளி பின்னால் நின்றனர். கடைசியாகச் சுடவேண்டிய ஜோன் போடைனின் கையை, வெடித்த பானப் போத்தல் ஒன்று கிழித்திருந்தது. கைக்குட்டையால் கட்டிக்கொண்டு அவர் மையத்தைச் சுட்டார். 934 க்கு 931. இதுதான் அந்தக் கதை. நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் அதே 1874ஆம் ஆண்டில் அதே வகைத் துப்பாக்கிகள், அதே ஈயமும் கடதாசியுமாக அமெரிக்காவின் மேற்குச் சமவெளிகளில் வேறு வேலையில் இருந்தன. காட்டெருமைத் தோலைத் தொழிற்சாலை இயந்திரங்களின் வார்ப்பட்டிகளுக்குப் பயன்படுத்தலாம் என்று கண்டபின், அவற்றைக் கொல்வது ஒரு பெருந்தொழிலாகியது. வேட்டைக்காரர் இரவில் முகாமில் இருந்து ஈயம் உருக்கி, சன்னம் வார்த்து, மறுநாளுக்கான ரவைகளை நிரப்பினர். பகலில் தொலைவில் படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சுட்டனர். தோலை உரித்துக்கொண்டு உடலை அழுக விட்டனர். தென்பகுதி மந்தைகள் எழுபதுகள் முடியுமுன்னரே அழிந்தன. வடபகுதி மந்தைகள் 1883 அளவில் அழிந்தன. கோடிக்கணக்கில் இருந்த அவ்விலங்கினத்தில் வட அமெரிக்கா முழுவதும் எஞ்சியவை 1,091 மட்டுமே என்று வில்லியம் ஹோர்னடே 1889இல் கணக்கிட்டார். அவற்றை நம்பி வாழ்ந்த லகோட்டா, செயென், கொமாஞ்சி முதலிய மக்கள் பசியால் பணிய வைக்கப்பட்டனர்.

ஒற்றைச் சூட்டுத் துப்பாக்கி மனிதனை நிதானிக்க வைக்கும் என்பது இக்கைவினையாளர்கள் அடிக்கடி சொல்லும் வார்த்தை. அயல்வீட்டு முதியவரும் அதைச் சொன்னார். ஒரு நிமிடத்தில் நூறு ரவை உமிழும் ஆயுதம் சிந்திக்க விடாது, ஆனால் தம் கையால் உருட்டிய ஒரு சன்னத்தை ஒருவர் வீணாக்கமாட்டார் என்றார். அவரைப் பொறுத்தவரை அது உண்மை. அவர் உயிருள்ள எதையும் சுட்டவரல்லர். 200 மீற்றரில் இரும்புக் கோழி, 300இல் பன்றி, 385இல் வான்கோழி, 500இல் செம்மறிக்கடா என்று இரும்பு உருவங்களை நிறுத்திச் சுடும் போட்டிகளுக்கு எல்லை தாண்டிப் போய் வந்தவர். ஆயினும் சமவெளிகளின் கதை அவருடைய கருத்துக்கு ஒத்துழைக்கவில்லை. அந்த வேட்டைக்காரரும் ஒவ்வொரு சன்னத்தையும் நிதானமாகவே செய்தார்கள், நிதானமாகவே சுட்டார்கள். ஓர் இனத்தை முடித்துவைக்க அந்த நிதானம் தடையாக இருக்கவில்லை, உதவியாகவே இருந்தது.

ஆபிரிக்காவிலும் அப்படியே. 1871இல் பிரித்தானியப் படை ஏற்றுக்கொண்ட மார்ட்டினி-ஹென்றி றைபிளின் சன்னமும் கடதாசி சுற்றியதுதான். 480 கிரெய்ன் ஈயம், 85 கிரெய்ன் கருமருந்து. 1879இல் சூலு மக்களுடனான போரில் பேசியது அந்தத் துப்பாக்கி.

இந்தியாவில் நடந்தது எமக்கு இன்னும் நெருக்கமானது. பாடசாலையில் 1857 கிளர்ச்சியைப் படித்த எவரும் கொழுப்புத் தடவிய தோட்டாவை அறிவர். ஆனால் அந்தக் கொழுப்பு எதற்காகக் கடதாசியில் தடவப்பட்டது என்று எமக்கு எவரும் சொல்லித் தரவில்லை. என்பீல்ட் துப்பாக்கியின் தோட்டா ஒரு கடதாசிக் குழாய். ஒரு முனையில் மருந்து, மறு முனையில் சன்னம். சிப்பாய் மருந்து முனையைப் பல்லால் கிழித்து மருந்தைக் குழலுக்குள் கொட்டுவான். பின்னர் தோட்டாவைத் திருப்பி, கொழுப்புத் தடவிய கடதாசி சுற்றியபடியே சன்னத்தைக் குழல் வாயில் செருகி, மீதிக் கடதாசியைக் கிழித்தெறிந்து உள்ளே தள்ளுவான். சன்னத்தோடு உள்ளே போகும் அக்கடதாசியே நாம் மேலே பார்த்த சட்டை. அது வழுக்கிச் செல்லவே கொழுப்பு.

அது மாட்டுக் கொழுப்பு என்றும் பன்றிக் கொழுப்பு என்றும் 1857 ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் வதந்தி எழுந்தது. சிப்பாய்கள் விரும்பிய நெய்ப்பொருளைத் தாமே தடவிக்கொள்ளலாம் என்று அதிகாரிகள் இறங்கி வந்தனர். பல்லால் கடிக்காமல் கையால் கிழிக்கலாம் என்று பயிற்சி விதியையும் மாற்றினர். பயன் இல்லை. சந்தேகம் கொழுப்பிலிருந்து கடதாசிக்குத் தாவியது. பளபளப்பாக இருக்கும் இந்தக் கடதாசியிலேயே ஏதோ கலந்திருக்கிறது என்றார்கள். ஏப்ரில் 24 அன்று மீரட்டில் 85 குதிரைப்படையினர் தோட்டாவைத் தொட மறுத்தனர். அன்று அவர்களுக்கு நீட்டப்பட்டவை அவர்கள் நெடுநாள் பயன்படுத்திவந்த பழைய வகைத் தோட்டாக்களே. மே 9 அன்று அவர்கள் விலங்கிடப்பட்டனர். மறுநாள் மீரட் எரிந்தது.

வதந்திகளின் நடுவே தொழில் செய்தவன் என்ற முறையில் இந்தப் பகுதியைப் பலமுறை வாசித்திருக்கிறேன். ஆள்பவர் மீது நம்பிக்கை அற்றுப்போனபின் விளக்க அறிக்கைகளால் ஆவது ஒன்றுமில்லை. நாட்டைப் பறித்தவர்களின் கையிலிருந்து வந்த கடதாசி என்பதே அந்தச் சிப்பாய்களுக்குப் போதுமான செய்தி. கொழுப்பு எந்த விலங்கினது என்ற கேள்வி அதற்குப் பின்னர்தான்.

இக்கைவினையில் இன்னொரு பகுதியினரும் உள்ளனர். போட்டி வெற்றிகளைப் பேசும்போது எவரும் அவர்களைப் பேசுவதில்லை. தொழிற்சாலைகளில் கடதாசித் தோட்டா உருட்டியவர்கள் யார்? இங்கிலாந்தின் வூல்விச் ஆயுதசாலையில் சிறுவர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பெரும்பாலும் இளம்பெண்கள். மென்மையான, வேகமான விரல்கள் வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஆண்களுக்குக் கொடுப்பதிலும் குறைந்த கூலி போதும் என்பதும் முதலாளிகள் அறிந்ததே. 1862 செப்ரெம்பர் 17 அன்று பிற்பகல் பிற்ஸ்பேர்க் நகரின் அலகெனி ஆயுதசாலை வெடித்ததில் 78 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பான்மையானோர் பெண்களும் சிறுமிகளும். 1864 ஜூன் 17இல் வாஷிங்டன் ஆயுதசாலையில் 21 பெண்கள் இறந்தனர். அவர்களுடைய இறுதி ஊர்வலத்தில் ஜனாதிபதி லிங்கன் கலந்துகொண்டார். களத்தில் ஒரு துப்பாக்கியும் வெடிக்கு முன்னரே அந்தக் கடதாசி இவர்களைக் கொன்றுவிட்டது.

கடதாசியின் காலம் நீடிக்கவில்லை. 1880களில் புகையற்ற வெடிமருந்து வந்தது. சன்னத்தின் வேகம் கூடியது. அந்த வேகத்தையும் வெப்பத்தையும் கடதாசியால் தாங்க இயலவில்லை. சுவிற்சர்லாந்தின் எட்வார்ட் ரூபின் ஈயத்துக்குச் செப்புச் சட்டை அணிவித்தார். 1886இல் பிரான்ஸ் வெளியிட்ட லெபெல் றைபிளோடு பழைய முறை படைகளிலிருந்து விடைபெறத் தொடங்கியது. எமது மண்ணில் விதைக்கப்பட்ட சன்னங்கள் எல்லாம் அந்தச் செப்புச் சட்டையின் பரம்பரை. வீட்டுச் சுவர்களிலும் பனைமரங்களிலும் இன்றும் அவற்றைக் காணலாம். எங்கள் பிள்ளைகள் வெற்றுக் கோதுகளைப் பொறுக்கி விளையாடிய காலம் ஒன்று இருந்தது. 2000 ஒக்ரோபர் 19 இரவு யாழ்ப்பாணத்தில் செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜன் தமது வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தச் செய்தியை எழுதிய எவரும் அந்தச் சன்னத்தை யார் செய்தார், எந்தத் தொழிற்சாலையில், எந்த இயந்திரத்தில் என்று கேட்கவில்லை. கேட்கவும் முடியாது. அது கோடியில் ஒன்று. அதற்குப் பின்னால் முகம் இல்லை.

கடதாசிச் சன்னத்துக்கு முகம் உண்டு. யார் உருட்டினார் என்று சொல்லலாம். அதனால் அது குற்றமற்றதாகிவிடாது என்பதைத்தான் 1874உம் 1879உம் காட்டுகின்றன. அழகாகச் செய்யப்பட்ட ஒரு பொருள் அழகான காரியத்துக்கே பயன்படும் என்ற உத்தரவாதம் எங்கும் இல்லை. எமது அச்சகங்களிலும் அப்படித்தான். உண்மையைக் கோர்த்த அதே விரல்கள், அதே பெட்டியிலிருந்து எடுத்த அதே எழுத்துகளால், மக்களைக் கொலைக்குத் தூண்டிய பிரசுரங்களையும் கோர்த்தன. கைத்திறனைப் பாராட்டலாம். அது எதை நோக்கித் திருப்பப்பட்டது என்ற கேள்வியை அதற்காக விட்டுவிட இயலாது.

அந்த முதியவரிடம் நான் இதைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. தம்முடைய பாட்டனார் மேற்கே சென்று எருமைத் தோல் வியாபாரத்தில் பணம் சேர்த்தவர் என்று மட்டும் சொன்னார். பிறகு நெடுநேரம் மேசையிலிருந்த சன்னங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். என்னையும் ஒன்று உருட்டிப் பார்க்கும்படி கேட்டார். துப்பாக்கியைத் தொடமாட்டேன், கடதாசியை உருட்டுகிறேன் என்றேன். நனைந்த தாள் என் விரலில் ஒட்டியது. மூன்றாவது முயற்சியில் இரு விளிம்புகளும் சந்தித்தன. அதை அவர் சுடுவதற்கு எடுக்காமல், காய்ந்தபின் யன்னலோரத்தில் நிறுத்தி வைத்தார்.

நாடு திரும்பும்போது, வெட்டாத பருத்தித் தாள்களில் ஒரு கட்டை எனக்குத் தந்தார். மை ஊறாத, பின்பக்கம் தெரியாத அருமையான தாள். செய்திக் குறிப்புகள் எழுத அதைப் பயன்படுத்தினேன். இப்போது சில தாள்களே மீதம் உள்ளன.

ஒரு வேண்டுகோள். வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் கொழும்பிலும் ஈய எழுத்துகளால் இயங்கிய அச்சகங்கள் பல இருந்தன. கணினி வந்தபின் அந்த எழுத்துகள் நிறைக்கு விற்கப்பட்டன. நான் பழகிய அச்சகத்தின் எழுத்துகளை மீன்வலைக்கு ஈயமணி வார்ப்பவர் ஒருவர் சாக்கில் கட்டிக்கொண்டு போனதை அறிவேன். ஏனையவை எங்கே போயின? அச்சுக்கோப்பாளராக இருந்தவர்களோ அவர்களுடைய பிள்ளைகளோ இதனை எந்த நாட்டிலிருந்து வாசித்தாலும் தெரிந்ததை எழுதுங்கள். அந்த மூத்தவர்களுள் பலர் இப்போது இல்லை. ஈய எழுத்து என்னவாகியது என்பதையேனும் பதிவு செய்து வைப்போம்.